குளியலறையின் 38 பாகை: வெப்பச்சீராக்கிக் கலப்புக்குழாயைப் பேணுதலும் பழுது அறிதலும்

ஓல்னே-சூ-புவாவின் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் தனி வீடுகளிலும் பலவற்றின் குளியலறைச் சுவரில், இரு முனைகளிலும் கைப்பிடி கொண்ட நீண்ட குழாய் ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். ஒரு கைப்பிடி நீரின் அளவைக் கட்டுப்படுத்தும். மற்றையது அதன் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும். வெப்பக் கைப்பிடியில் 38 என்ற எண் பொறிக்கப்பட்டு, சிறிய பொத்தான் ஒன்றும் அமைந்திருக்கும். பிரெஞ்சு மொழியில் 'மித்திஷர் தெர்மோஸ்தாதிக்' எனப்படும் இக்கருவியே இங்கு வெப்பச்சீராக்கிக் கலப்புக்குழாய் அல்லது சுருக்கமாகக் கலப்புக்குழாய் என்று குறிப்பிடப்படுகிறது.

இது வசதிக்காக மட்டும் பொருத்தப்படும் பொருள் அன்று. இது ஒரு பாதுகாப்புக் கருவி. 60 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள நீர் சில விநாடிகளிலேயே ஆழமான தீப்புண்ணை உண்டாக்கிவிடும். 50 பாகையில் அத்தகைய காயம் ஏற்படச் சில நிமிடங்கள் ஆகும். குழந்தைகளின் தோல் மெல்லியது. ஆகவே அவர்களுக்கு இக்கால அளவு இன்னும் குறைவு. நீரிழிவினால் பாதங்களில் உணர்ச்சி குன்றிய முதியோர், நீர் சுடுவதை உடனே உணரமாட்டார்கள். இவ்விரு சாராரும் நம்பியிருப்பது கைப்பிடியில் உள்ள 38 என்ற எண்ணையே. அவ்வெண் உண்மையைச் சொல்லாது போகும் நாளில், கலப்புக்குழாய் இல்லாத வீட்டை விட அது உள்ள வீட்டிலேயே ஆபத்து அதிகம். ஏனெனில் அங்கே எவரும் நீரைக் கையால் தொட்டுப் பார்ப்பதில்லை.

இக்கருவியின் பழுதுகளுள் பெரும்பாலானவை சுண்ணாம்புப் படிவினால் வருபவை. அவற்றைத் தடுப்பதற்கு வினாகிரியும் சிறிது நேரமும் போதும். எஞ்சிய பழுதுகளை இனங்காணவும், எவற்றைத் தாமே செய்யலாம், எவற்றுக்கு வீட்டு உரிமையாளரை அழைக்க வேண்டும் என்பதை அறியவும் கீழ்வரும் விளக்கம் உதவும்.

கருவி இயங்கும் முறை

சுவரிலிருந்து இரு குழாய்கள் வருகின்றன. கருவியை எதிர்நோக்கி நிற்பவருக்கு இடப்புறம் சுடுநீரும் வலப்புறம் குளிர்நீரும் வரும். இவ்விரண்டுக்கும் இடையிலான தூரம் பொதுவாக 150 மில்லிமீற்றர். இரு நீரும் கருவியின் உள்ளே கலந்து, 'கார்துஷ்' எனப்படும் உருளை வடிவ உறுப்பைக் கடந்து செல்கின்றன. அந்த உறுப்பினுள் மெழுகு அடைக்கப்பட்டுள்ளது. கலந்த நீரின் வெப்பம் கூடினால் மெழுகு விரிந்து ஒரு தண்டைத் தள்ளும். தண்டு சுடுநீரின் வழியைக் குறுக்கிக் குளிர்நீரின் வழியை அகலப்படுத்தும். நீர் குளிர்ந்தால் மெழுகு சுருங்கும். ஒரு சுருள்வில் தண்டைப் பின்னே தள்ளும். மின்சாரம் எதுவும் இதற்குத் தேவையில்லை.

மெழுகின் விரிவைக் கொண்டு வெப்பத்தைச் சீராக்கும் இம்முறையை 1930களில் செர்ஜியஸ் வெர்னே என்பவர் உருவாக்கினார். மோட்டார் வாகன எந்திரங்களைக் குளிர்விக்கும் நீரின் ஓட்டத்தை ஒழுங்குபடுத்துவதற்கும் இதே மெழுகு உறுப்பே பயன்படுகிறது. 1973 முதல் 2013 வரை ஓல்னேயில் கார்களை உற்பத்தி செய்த சித்ரோன் தொழிற்சாலையில் பணியாற்றியோருக்கு இவ்வுறுப்பு புதியதன்று.

கைப்பிடியை எவ்வளவு திருப்பினாலும் 38இல் அது தடைப்பட்டு நிற்கும். அதற்கு மேல் செல்ல வேண்டுமாயின் பொத்தானை அழுத்தித் திருப்ப வேண்டும். சிறு பிள்ளை தவறுதலாகத் திருப்பினாலும் சுடுநீர் வராதிருப்பதற்கான ஏற்பாடு இதுவே. மற்றொரு பாதுகாப்பும் உண்டு. குளிர்நீர் திடீரென நின்றுபோனால், கருவி சுடுநீரையும் தானே அடைத்துவிட வேண்டும். ஐரோப்பியத் தர விதி ஈ.என். 1111 இதை வலியுறுத்துகிறது. புதிய குழாய் வாங்குவோர், பெட்டியில் என்.எஃப். என்ற பிரெஞ்சுத் தரக்குறி உள்ளதா என்று பார்த்து வாங்குவது நன்று.

சட்டமும் இதில் அக்கறை கொண்டுள்ளது. 2005 நவம்பர் 30ஆம் நாள் அரசாணையின்படி, புதிதாக அமைக்கப்படும் அல்லது புதுப்பிக்கப்படும் சுடுநீர் அமைப்புகளில், குளியலறைக் குழாயிலிருந்து வரும் நீர் 50 பாகையை மீறலாகாது. ஏனைய அறைகளில் பொது எல்லை 60 பாகை. ஆகவே குளியலறையில் கலப்புக்குழாய் சரியாக இயங்கினாலும், சமையலறைக் குழாயில் வரும் நீர் பிள்ளைகளைச் சுடக்கூடும் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

நீரும் சுண்ணாம்பும்

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கல் நிலம். கிணற்று நீர் காய்ச்சிய கேத்தலின் அடியில் வெள்ளைப் படலம் படிவதை அங்கு வளர்ந்தோர் அனைவரும் அறிவர். பாரிஸ் வட்டாரத்தின் நீரும் அவ்வாறே சுண்ணாம்புச் சத்து மிகுந்தது. ஆறுகளும் நிலத்தடி நீரும் சுண்ணாம்புப் பாறைப் படுகைகளினூடே வருவதே அதற்குக் காரணம். பிரான்சில் நீரின் கடினத்தன்மை 'பிரெஞ்சுப் பாகை' என்ற அலகால் குறிக்கப்படுகிறது. ஒரு பிரெஞ்சுப் பாகை என்பது ஒரு லீற்றர் நீரில் 10 மில்லிகிராம் கல்சியம் காபனேற்றுக்குச் சமம். ஆண்டுக்கு ஒருமுறை நீர்க் கட்டணச் சிட்டையுடன் வரும் நீரின் தரம் பற்றிய தாளில், இவ்வளவு 'கல்கேர்' அல்லது 'துய்ர்த்தே' என்ற சொல்லின் அருகே குறிக்கப்பட்டிருக்கும்.

இந்நீரைக் குடிப்பதால் உடலுக்குத் தீங்கு இல்லை. ஆனால் நீர் சூடேறும்போது சுண்ணாம்பு பிரிந்து படியத் தொடங்குகிறது. 60 பாகைக்கு மேல் அது விரைவாகப் படிகிறது. கலப்புக்குழாயில் அது நான்கு இடங்களில் தங்கும்: ஷவர் தலையின் துளைகள், நுழைவாயில்களில் உள்ள சிறு வடிகள், நீர் பின்னோக்கிச் செல்வதைத் தடுக்கும் 'க்லாப்பே' எனும் வால்வுகள், கார்துஷின் தண்டு. தண்டில் படிந்த சுண்ணாம்பே மிகவும் கேடானது. மெழுகு விரிந்தாலும் தண்டு நகராது. ஆகவே கருவி வெப்பத்தைச் சீராக்காது.

ஒழுங்கான பராமரிப்பு

மாதம் ஒருமுறை, வெப்பக் கைப்பிடியை முழுக் குளிரிலிருந்து முழுச் சூடு வரையும், மீண்டும் முழுக் குளிர் வரையும் ஐந்தாறு முறை திருப்ப வேண்டும். நீர் ஓடிக்கொண்டிருக்கையில், குளிப்பவர் எவரும் இல்லாத வேளையில், ஷவர் தலையைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்து இதைச் செய்ய வேண்டும். எப்போதும் 38இலேயே நிற்கும் கைப்பிடியில்தான் சுண்ணாம்பு இறுகுகிறது. செலவில்லாத இந்த ஒரு பழக்கம் கார்துஷின் ஆயுளை நீட்டிக்கும்.

மாதம் ஒருமுறை ஷவர் தலையைக் கழற்றி, வெள்ளை வினாகிரியும் வெதுவெதுப்பான நீரும் சம அளவு கலந்த பாத்திரத்தில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, பழைய பற்தூரிகையால் தேய்த்துக் கழுவ வேண்டும். கடைகளில் இது 'வினேக்ர் பிளான்' என்ற பெயரில் மலிவாகக் கிடைக்கும். கழற்ற முடியாத தலைக்கு, வினாகிரி நிரப்பிய பொலித்தீன் பையை அதன்மேல் கட்டிவிடலாம்.

வினாகிரியை 'ஜவெல்' எனப்படும் வெளிற்றும் நீருடன் ஒருபோதும் கலக்கலாகாது. இரண்டும் சேர்ந்தால் மூச்சை அடைக்கும் நச்சுக் குளோரீன் வாயு வெளிவரும். சாளரம் இல்லாத சிறிய குளியலறையில் இது உயிருக்கே ஆபத்தாகலாம். ஒரே நாளில் ஒன்றின்பின் ஒன்றாகப் பயன்படுத்துவதையும் தவிர்க்க வேண்டும்.

குழாயின் பளபளப்பான மேற்பரப்பைச் சவர்க்கார நீரில் நனைத்த மென்துணியால் துடைத்தால் போதும். கரகரப்பான பஞ்சும் தூளும் முலாமை உரித்துவிடும்.

ஆறு மாதங்களுக்கு ஒருமுறை வெப்பமானியால் சோதிக்க வேண்டும். குழந்தைகளின் குளியலுக்கென மருந்தகங்களில் விற்கப்படும் வெப்பமானி இதற்குப் போதுமானது. கைப்பிடியை 38இல் வைத்து, இரண்டு நிமிடங்கள் நீரை ஓடவிட்டு, ஒரு குவளையில் பிடித்து அளக்க வேண்டும். ஒன்றிரண்டு பாகை வேறுபாடு கவலைக்குரியதன்று. நீர் 41 பாகையைத் தாண்டினால் கருவியைச் சரிசெய்யும் வரை பிள்ளைகளையும் முதியோரையும் தனியே குளிக்க விடலாகாது.

குளிர்நீருக்கெனத் தனி வால்வு உள்ள வீடுகளில் இன்னொரு சோதனையும் செய்யலாம். 38இல் நீர் ஓடிக்கொண்டிருக்கையில், ஒருவர் குளிர்நீர் வால்வை மூட வேண்டும். ஷவர் நீர் சில விநாடிகளில் நின்றுவிட வேண்டும், அல்லது சொட்டாகக் குறைந்துவிட வேண்டும். சுடுநீர் தொடர்ந்து பாய்ந்தால் கார்துஷ் தன் பாதுகாப்பை இழந்துவிட்டது. அதை மாற்றியே ஆக வேண்டும். இச்சோதனையின்போது ஷவர் நீரின் கீழ் எவரும் கை வைக்கலாகாது.

கோடை விடுமுறையில் ஊருக்குச் சென்று பல வாரங்களின் பின் திரும்புவோர், முதற் குளியலுக்கு முன் சாளரத்தைத் திறந்து, ஷவர் தலையைத் தரையருகே வைத்து, குளிர்நீரையும் சுடுநீரையும் சில நிமிடங்கள் ஓடவிட வேண்டும். நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா எனும் நுண்ணுயிர், தேங்கி நிற்கும் 25 முதல் 45 பாகை வரையான நீரில் பெருகும்; நீர்த்துளிகளைச் சுவாசிப்பதால் தொற்றும்.

இதே காரணத்துக்காக, நீர் சுடுகிறது என்று சொல்லிச் சுடுநீர்த் தாங்கியின் வெப்பத்தை மிகவும் குறைத்துவிடலாகாது. 'குமுலுஸ்' எனப்படும் மின் தாங்கியை 55 முதல் 60 பாகை வரை வைத்திருப்பதே பொதுவான அறிவுரை. தாங்கி சூடாக இருக்க வேண்டும். ஷவர் நீர் மிதமாக இருக்க வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே சாத்தியமாக்குவதே கலப்புக்குழாயின் பணி.

பழுதின் அறிகுறிகளும் காரணங்களும்

நீர் போதிய சூடாக வருவதில்லை. முதலில் சமையலறைச் சுடுநீர்க் குழாயைத் திறந்து பார்க்க வேண்டும். அங்கும் நீர் சூடாக இல்லையெனில் பழுது தாங்கியிலோ கொதிகலனிலோ கட்டடத்தின் பொதுச் சுடுநீர் அமைப்பிலோ உள்ளது. கலப்புக்குழாயைக் கழற்றிப் பயனில்லை. அயலவரிடம் கேட்பதும் உதவும். ஷவரில் மட்டும் குறைபாடு எனில், சுடுநீர்ப் பக்கத்து வடி அடைபட்டிருக்கலாம், கைப்பிடி தவறான நிலையில் பொருத்தப்பட்டிருக்கலாம், கார்துஷ் இறுகியிருக்கலாம்.

38இல் வைத்தும் நீர் சுடுகிறது. இதுவே மிகவும் ஆபத்தான அறிகுறி. கைப்பிடி கழன்று இடம் மாறியதாலோ கார்துஷ் செயலிழந்ததாலோ இது நேரும். புதிதாகப் பொருத்தப்பட்ட குழாயில் இது நிகழ்ந்தால், சுடுநீரும் குளிர்நீரும் இடம் மாறி இணைக்கப்பட்டுள்ளனவா என்று முதலில் பார்க்க வேண்டும். சரிசெய்யும் வரை ஷவரைப் பயன்படுத்தாது, வாளியில் நீரைக் கலந்து கையால் தொட்டுப் பார்த்துக் குளிப்பதே பாதுகாப்பு.

நீரோட்டம் வலுவிழந்துவிட்டது. ஷவர் தலையைக் கழற்றிவிட்டு நெளிகுழாயில் மட்டும் நீரைத் திறந்து பார்க்க வேண்டும். ஓட்டம் வலுவாக இருந்தால் குறை தலையில் உள்ளது. இல்லையெனில் நெளிகுழாயையும் கழற்றிப் பார்க்க வேண்டும். அப்போதும் ஓட்டம் மெலிந்திருந்தால் நுழைவாயில் வடிகளே காரணமாக இருக்கக்கூடும். தெருவிலோ கட்டடத்திலோ நீர்க்குழாய் வேலை நடந்த பின்னர் மண்ணும் துருவும் வந்து வடிகளை அடைப்பது வழக்கம்.

வெப்பம் கூடிக் குறைந்து மாறுகிறது. சுடுநீருக்கும் குளிர்நீருக்கும் இடையே அழுத்த வேறுபாடு மிகுதியாக இருந்தால் இவ்வாறு நேரும். எரிவாயுக் கொதிகலன் உள்ள வீடுகளில் மற்றொரு காரணமும் உண்டு. நீரோட்டம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் கொதிகலன் அணைந்துவிடும். பின்னர் மீண்டும் பற்றும். நீரைச் சிக்கனப்படுத்தும் ஷவர் தலையைப் புதிதாகப் பொருத்திய பின் இத்தொல்லை தொடங்கியிருந்தால் காரணம் அதுவே.

மூடிய பின்னும் நீர் சொட்டுகிறது. ஓரிரு நிமிடங்கள் மட்டும் சொட்டினால் அது ஷவர் தலையில் எஞ்சிய நீர், பழுதன்று. மணிக்கணக்காகச் சொட்டினால், நீரின் அளவைக் கட்டுப்படுத்தும் பீங்கான் உறுப்பு தேய்ந்துள்ளது. அது வெப்பக் கார்துஷ் அன்று. மறுமுனைக் கைப்பிடியினுள் இருப்பது. தவறான உறுப்பை வாங்கிவரும் பிழை இங்கேதான் நிகழ்கிறது.

வீட்டின் வேறு குழாய்களில் குளிர்நீர் வெதுவெதுப்பாக வருகிறது. கலப்புக்குழாயின் க்லாப்பே வால்வு பழுதடைந்து, சுடுநீர் குளிர்நீர்க் குழாயினுள் ஊடுருவுவதால் இது நிகழலாம். பொதுச் சுடுநீர் அமைப்புள்ள கட்டடத்தில் ஒரு வீட்டின் பழுது அயல் வீட்டுக்கும் தொல்லை தரும். ஆகவே உடனே பராமரிப்பாளருக்கு அறிவிக்க வேண்டும்.

கைப்பிடி இறுகித் திரும்ப மறுக்கிறது. குறட்டால் வலிந்து திருப்பினால் உள்ளே உள்ள தண்டு முறிந்துவிடும். கார்துஷைக் கழற்றிச் சுத்தம் செய்வதே வழி.

கார்துஷைக் கழற்றிச் சுத்தம் செய்தல்

தேவையானவை: அறுகோணச் சாவி, சிறிய திருப்புளி, ஸ்பனர், பழைய பற்தூரிகை, வினாகிரி, சிலிக்கோன் கிரீஸ், வெப்பமானி, இரண்டு துணிகள்.

1. சுடுநீர், குளிர்நீர் இரண்டையும் மூடவும். அடுக்குமாடி வீடுகளில் இரண்டுக்கும் தனித்தனி வால்வுகள் இருக்கும். கழிப்பறையின் பின்னுள்ள குழாய் அலுமாரியில் அவை பெரும்பாலும் காணப்படும். ஒன்றை மட்டும் மூடுதல் போதாது.

2. ஷவரைத் திறந்து, எஞ்சிய நீர் வடிந்து ஓட்டம் முற்றாக நின்றுவிட்டதை உறுதிப்படுத்தவும்.

3. வடிகாலைத் துணியால் மூடவும். சிறு திருகு ஒன்று அதனுள் விழுந்தால் வேலை இரட்டிப்பாகும்.

4. ஒவ்வொரு பகுதியையும் கழற்றுவதற்கு முன் கைத்தொலைபேசியில் படம் எடுக்கவும். கைப்பிடி, தடுப்பு வளையம், தண்டு ஆகியவை எந்த நிலையில் இருந்தன என்பது பின்னர் தேவைப்படும்.

5. வெப்பக் கைப்பிடியின் முனையில் உள்ள மூடியைத் திருப்புளியால் மெல்லக் கிளப்பி, திருகைக் கழற்றவும். சில மாதிரிகளில் திருகு கைப்பிடியின் அடிப்புறத்தில் இருக்கும்.

6. கார்துஷைப் பிடித்திருக்கும் மரையை, ஸ்பனரின் வாயில் துணி வைத்துக் கழற்றி, கார்துஷை நேராக வெளியே இழுக்கவும்.

7. வினாகிரியும் வெதுவெதுப்பான நீரும் சம அளவு கலந்து, அதில் கார்துஷை ஓரிரு மணி நேரம் ஊறவைத்துத் தூரிகையால் தேய்க்கவும். கொதிநீரைப் பயன்படுத்தலாகாது, இறப்பர் வளையங்களும் மெழுகு உறுப்பும் கெட்டுவிடும். குழாயின் உட்புறத்தையும் வினாகிரியில் நனைத்த துணியால் துடைக்கவும்.

8. நன்கு கழுவி, இறப்பர் வளையங்களில் சிறிது சிலிக்கோன் கிரீஸ் பூசவும். வாகனக் கிரீஸும் வாஸலினும் இறப்பரை ஊதச் செய்யும். வெடித்த வளையத்தை மாற்றவும்.

9. கார்துஷை முன்னிருந்த நிலையிலேயே செருகி, மரையை அளவாக இறுக்கவும். கைப்பிடியை இன்னும் பொருத்த வேண்டாம். வால்வுகளை மெதுவாகத் திறந்து, நீர் கசிகிறதா என்று பார்க்கவும்.

10. ஷவரைத் திறந்து, வெப்பமானியைப் பார்த்தவாறு தண்டைச் சிறிது சிறிதாகத் திருப்பவும். நீர் 38 பாகையில் நிலைத்ததும் தண்டை அசைக்காமல், கைப்பிடியின் 38 குறி அதற்குரிய இடத்தில் அமையுமாறு பொருத்தவும். பின்னர் மீண்டும் அளந்து உறுதிப்படுத்தவும்.

பத்தாவது படியைத் தவிர்ப்பவரே மிகுதி. கைப்பிடியை ஒரு பல் தள்ளிப் பொருத்தினாலும் எண் ஒன்றாகவும் நீர் வேறொன்றாகவும் இருக்கும்.

சுத்தம் செய்த பின்னும் வெப்பம் சீராகாவிடில் கார்துஷை மாற்ற வேண்டும். எல்லாக் குழாய்களுக்கும் ஒரே கார்துஷ் பொருந்தாது. ஆகவே பழையதைக் கையில் எடுத்துச் சென்று, குழாயின் நிறுவனப் பெயரையும் மாதிரியையும் கூறி வாங்க வேண்டும். நெளிகுழாயின் மரை 15/21 என்ற அளவிலும், சுவர் இணைப்பின் மரை 20/27 என்ற அளவிலும் பொதுவாக இருக்கும். வாஷர் வாங்கும்போது இவ்வெண்களே கேட்கப்படும்.

வால்வு துருப்பிடித்து மூட மறுத்தாலும், குழாய் சுவரினுள் புதைக்கப்பட்டிருந்தாலும், சுவர் இணைப்பு அசைந்தாலும், அவ்விடத்தில் நிறுத்திவிட வேண்டும். அங்கே ஏற்படும் உடைப்பு கீழ்வீட்டின் கூரையை நனைக்கும். கொதிகலனின் எரிவாயுப் பகுதியைத் தகுதி பெற்ற தொழிலாளர் மட்டுமே தொடலாம்.

செலவு யாருடையது

வாடகைக்குக் குடியிருப்போர் எவற்றைத் தம் செலவில் செய்ய வேண்டும் என்பதை 1987 ஆகஸ்ட் 26ஆம் நாள் ஆணை வரையறுக்கிறது. குழாய்களின் வாஷர்களையும் க்லாப்பேக்களையும் மாற்றுதல், சுண்ணாம்புப் படிவை நீக்குதல், ஷவர் நெளிகுழாயை மாற்றுதல் ஆகியவை குடியிருப்போர் பொறுப்பு. பழமையினால் தேய்ந்துபோன குழாயை மாற்றுதல் உரிமையாளர் பொறுப்பு. 'வெதுய்ஸ்தே' எனப்படும் பழமைத் தேய்வு, கட்டுமானக் குறை ஆகியவற்றின் சுமை குடியிருப்போர்மேல் விழாது என்று 1989 ஜூலை 6ஆம் நாள் வாடகைச் சட்டம் கூறுகிறது. குளியலுக்குச் சுடுநீரும் குளிர்நீரும் உள்ள வசதி, தகுதியான வீட்டுக்குரிய அடிப்படைத் தேவைகளுள் ஒன்று என்று 2002 ஜனவரி 30ஆம் நாள் ஆணையும் கூறுகிறது.

சமூக வீடமைப்பு நிறுவனங்களின் வீடுகளில் குடியிருப்போர், எதையும் வாங்குவதற்கு முன் தம் மாதாந்த வாடகைச் சிட்டையைப் பார்க்க வேண்டும். அதில் 'ரொபினெத்ரி' என்ற சொல் செலவினப் பட்டியலில் இருந்தால், குழாய்ப் பராமரிப்புக்கென ஒரு நிறுவனத்துடன் ஒப்பந்தம் உள்ளது. அதற்கான பணம் ஏற்கெனவே மாதந்தோறும் செலுத்தப்படுகிறது. ஒப்பந்தத்தில் அடங்கிய வேலைகளை அந்நிறுவனம் மேலதிகக் கட்டணமின்றிச் செய்து தரும். இதனை அறியாது தம் கைப்பணத்தைச் செலவிடும் குடும்பங்கள் உள்ளன.

உரிமையாளருக்குத் தொலைபேசியில் அறிவித்தால் மட்டும் போதாது. வெப்பமானியின் படம், நாள், அளந்த பாகை ஆகியவற்றைக் குறிப்பிட்டு எழுத வேண்டும். பதில் வராவிடில் 'ரெக்கொமாந்தே' எனப்படும் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். அதன் பின்னரும் தீர்வு கிடைக்காதோர், வீட்டுரிமை பற்றி இலவசமாக ஆலோசனை தரும் சேன்-சன்-தெனி மாவட்டத்தின் ஆதில் நிலையத்தை நாடலாம். கட்டணமின்றிச் சமரசம் செய்துவைக்கும் மாவட்டச் சமரசக் குழுவும் உண்டு. புதிய வீட்டுக்குள் செல்வோர், 'எத்தா தே லியு' எனப்படும் வீட்டு நிலைப் பத்திரத்தில் ஒப்பமிடுவதற்கு முன், கலப்புக்குழாயைத் திறந்து சோதித்துக் குறையை அதில் எழுதிவைப்பது பின்னாளைய சச்சரவைத் தவிர்க்கும்.

வெளியாரை அழைப்போர், வேலை தொடங்குவதற்கு முன் 'தெவி' எனப்படும் எழுத்து மதிப்பீட்டைப் பெற வேண்டும். தபாற்பெட்டியில் போடப்படும் அவசர உதவித் துண்டறிக்கைகளை நம்பி அழைத்து, பெருந்தொகை கொடுக்க நேர்ந்தோர் பலர். நீர் கசிந்து சேதம் ஏற்பட்டால், வீட்டுக் காப்புறுதி நிறுவனத்துக்கு ஐந்து வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும்.

பராமரிப்பாளரிடம் கூற உதவும் சில தொடர்கள்: வெப்பம் சீராகவில்லை என்பதற்கு 'லெ மித்திஷர் ந ரேகில் ப்ளூ லா தம்பெராத்தூர்', நீர் மிகவும் சுடுகிறது என்பதற்கு 'லோ ஏ ப்ருலாந்த்', வீட்டில் சிறு பிள்ளை உண்டு என்பதற்கு 'இல் ஈ ஆ அன் ப்தி தான்ஃபான்'. மூன்றாவது தொடரைச் சேர்த்துக் கூறினால், அவசரம் என்ன என்பது கேட்போருக்கு விளங்கும்.

சுடுநீர் பட்டுவிட்டால்

சுட்ட இடத்தை உடனே குளிர்ந்த ஓடும் நீரில் குறைந்தது 10 நிமிடங்கள் பிடிக்க வேண்டும். பனிக்கட்டி வைக்கலாகாது. நனைந்த உடையைக் களைய வேண்டும். தோலில் ஒட்டியிருந்தால் இழுக்கலாகாது. பற்பசை, எண்ணெய், மஞ்சள், வெண்ணெய் எதையும் பூசலாகாது. காயம்பட்டவர் குழந்தையோ முதியவரோ ஆயின், அல்லது காயம் முகம், கை, மறைவிடம் ஆகியவற்றில் இருப்பின், அல்லது அவரது உள்ளங்கையை விடப் பெரிதாயின், 15 அல்லது 112 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

கிணற்றடியிலும் வாளியிலும் குளித்து வளர்ந்த தலைமுறையினர், நீரைத் தொட்டுப் பார்த்த பின்னரே பிள்ளையின் தலையில் ஊற்றுவர். கலப்புக்குழாய் உள்ள வீட்டிலும் அப்பழக்கத்தைக் கைவிடத் தேவையில்லை. கைப்பிடி 38 என்று காட்டட்டும். பிள்ளையை நிறுத்துவதற்கு முன் கையும் ஒருமுறை பார்க்கட்டும். ஆறு மாதங்களுக்கு ஒருமுறை வெப்பமானி இரண்டையும் சரிபார்க்கட்டும்.